வெற்றிலையை எடுத்துக் கொடுங்கள்

எல்லாம் புரிந்த ஒரு பெண்ணுக்கு எதுவுமே புரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அது தப்பு என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளராக இருந்தேன். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கு எவ்வளவு மொழி மிஞ்சியிருக்கிறது என்று அளக்க எங்களிடம் இருந்தது ஓர் ஆங்கிலச் சோதனை. முள்கரண்டியைக் கொடு, கையுறையைக் கொடு... நம் ஊரில் யார் கண்டார்கள் இதையெல்லாம்? நானே தமிழில் ஒன்று தயாரித்தேன். தட்டில் வெற்றிலை, மஞ்சள், எலுமிச்சை, குங்குமச் சிமிழ், பூ. 'வெற்றிலையை எடுத்துக் கொடுங்கள்' என்பது முதல் கட்டளை. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. ஐந்திலும் பூஜ்யம் என்றால் அத்துடன் நிறுத்திவிடலாம். நோயாளிக்குப் புரியும் திறன் இல்லை. அந்த விதியும் என்னுடையதே. எவ்வளவு கர்வம் எனக்கு!

பழனியம்மாள் பல்லடத்துக்காரி. விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். வலது கை விழுந்துவிட்டது, வாயில் ஒரு சொல் வரவில்லை. வெற்றிலையைக் கேட்டேன். வெற்றிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையால் தன் வலது கையைப் பிடித்துத் தூக்கப் போனாள். பத்து விநாடி முடிந்தது. பூஜ்யம். மஞ்சளுக்கும் அதே. ஐந்துக்கும் அதே. 'சம்பந்தமில்லாத அசைவுகள்' என்று ஓரத்தில் குறித்தேன்.

"சொல்றது எதுவும் அவங்களுக்குப் புரியலைங்க. பயிற்சி குடுத்துப் பிரயோசனமில்லைங்க" என்று அவள் கணவரிடம் அறிக்கையைக் கொடுத்து அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து அந்தச் சோதனையைக் கையேடாக அச்சிடக் கொடுத்திருந்தேன். பழைய நோயாளிகள் இப்போது எப்படியிருக்கிறார்கள் என்று கடைசிப் பக்கத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. பல்லடத்துக்குப் பஸ் ஏறினேன்.

கணவர் நாற்காலி போட்டார்.

"வாங்க டாக்டரம்மா. பெரிய புள்ளைக்கு வர்ற முகூர்த்தத்துல கல்யாணமுங்க. என்ற தங்கச்சி பையன்தானுங்க. பையன் குடிக்கறான்னு இவ முன்னாடியெல்லாம் ஒரே புடியா வேண்டாம்னுட்டா. புள்ளையும், அம்மா சரின்னாத்தான் கட்டுவேன்னு நின்னுச்சு. நீங்க எழுதிக் குடுத்த காயிதத்தைக் காமிச்சுத்தானுங்க சம்மதிக்க வெச்சேன். இவளுக்குத்தான் இனி ஒண்ணும் தெரியாதுங்களே."

பழனியம்மாள் எதிரே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏதோ எழுதிக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவார்களா? யாரும் சொல்லாமலே அவள் பக்கத்துத் தட்டிலிருந்து இடது கையால் ஒரு வெற்றிலையை எடுத்தாள். அதை அசைவற்ற தன் வலது உள்ளங்கையில் வைத்தாள். அடியில் இடது கையைக் கொடுத்து, மெல்லத் தூக்கி, நடுங்க நடுங்க என்னிடம் நீட்டினாள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இடது கையால் யாராவது வெற்றிலை கொடுப்பார்களா? மஞ்சள், குங்குமம் கொடுப்பார்களா? நான் கொடுப்பேனா? வலது கை விழுந்தவர்கள் முன்னால் இந்தத் தட்டை வைத்து... மரியாதை தெரிந்தவள் தோற்றுப்போகும்படி அல்லவா சோதனை செய்து வைத்திருக்கிறேன்! முதல் கட்டளையே அவளுக்குப் புரிந்திருந்தது. அன்றும் இப்படித்தான் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். நான்தான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

'அவங்களுக்கு எல்லாம் புரியுதுங்க, நாந்தான் தப்பா எழுதிப்போட்டேன்.' இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மகள் உள்ளேதான் இருந்தாள். ஏன் சொல்லவில்லை? அச்சகத்தில் இருந்த கையேடா? அதன் அட்டையில் என் பெயரா? வேறு நல்ல காரணம் ஏதாவது உண்டா என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன்... கிடைக்கவில்லை.

மறுநாள் அச்சகத்துக்குப் போய், 'எடுத்துக் கொடுங்கள்' என்பதையெல்லாம் 'தொட்டுக் காட்டுங்கள்' என்று மாற்றினேன். சின்னத் திருத்தம் என்றேன். கையேட்டை எல்லோரும் பாராட்டினார்கள். பழனியம்மாளின் அறிக்கையை நான் மாற்றவில்லை. கல்யாணம் நடந்தது.

வெற்றிலையை நீட்டிய அன்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது. நான் வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். அவள் கணவரிடம் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.