அண்ணன் விட்ட சோறும் அண்ணி கொடுத்த கஞ்சியும்

ஒலக்கூரில் எங்கள் பங்காளி விருத்தாசலம் அண்ணன் கிணற்றுத் தண்ணீரை வைத்தே இரண்டு போகம் நெல் எடுத்தவர். சாப்பிட உட்கார்ந்தால் இலையில் சோறு குவிந்திருக்க வேண்டும், நடுவே குழி பண்ணிக் குழம்பு ஊற்ற வேண்டும். கேப்பைக் களி கூலியாட்களுக்கு என்று நினைத்த வீடு அது. அந்த நினைப்பு எங்கள் எல்லோருக்குமே இருந்தது. ஈஸ்வரன் பொறுக்க வேண்டும்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் அவர் கால் கட்டைவிரலில் முள் ஏறியது. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. விரல் வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் வண்டி கட்டித் திண்டிவனம் அழைத்துப் போனோம். டாக்டர் நீல நிற மருந்தில் அவருடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டு விளக்கில் காய்ச்சினார். செங்கல் நிறமாகிவிட்டது.

"சர்க்கரை வியாதி. மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி உங்க வாய் கையில இருக்கு. சோத்தை நிறுத்துங்க. கேப்பையோ கோதுமையோ, அதுவும் அளவாத்தான். புண்ணு ஆறலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

அண்ணன் பயந்துபோனார். வீட்டில் எல்லோரும் சோறு உண்ண, அவர் மட்டும் கைப்பிடியளவு களியும் கீரையும் தின்றார். பார்க்கவே எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் புண் ஆறவில்லை. ஆடியில் மறுபடி போனோம். மறுபடியும் செங்கல் நிறம்.

"திருட்டுத்தனமா சோறு சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் அதட்டினார்.

"பெருமுக்கல் மலை ஈஸ்வரன் மேல சத்தியமா ஒரு பருக்கை தொடலீங்க" என்று அண்ணன் கை கூப்பினார்.

கூட வந்திருந்த பாஞ்சாலி அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமாங்க சாமி. உடம்பு வத்திப் போவுதேன்னு, வேளைக்கு ஒரு சொம்பு சோறு வடிச்ச கஞ்சியில உப்பு போட்டுத் தர்றேன். வேற ஒண்ணுமே தர்றதில்லீங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அம்மா, சோத்துல இருக்கிற மாவுதானே அந்தக் கஞ்சியில கரைஞ்சு வருது! சோத்தை விட்டுட்டு அதோட சாரத்தைக் குடிச்சிருக்காரு."

அண்ணி முகம் வெளுத்துப் போனது. அண்ணன்தான் பேச்சை மாற்றினார். "வுடு. மாட்டுக்கு ஊத்தற கஞ்சிய எனக்கு ஊத்தினே. மாடு என்னா பாவம் பண்ணிச்சோ!"

"ஆமா, கொம்பு ஒண்ணுதான் கொறைச்சல் உங்களுக்கு!" என்றார் அண்ணி, அழுதுகொண்டே.

டாக்டர் சிரிக்கவில்லை. புண் ஆறும்வரை காலை ஊன்றாமல் இருக்கச் சொன்னார். ஆறிய பிறகு தினமும் நடக்க வேண்டும். வெறுங்காலோடு மட்டும் எங்கேயும் போகக் கூடாது. இந்த வியாதியில் காலில் உணர்ச்சி குறைந்து முள் ஏறினாலும் தெரியாது என்பதால், ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பார்க்க வேண்டும். "உங்க பிள்ளைங்களுக்கும் இது வரலாம். இப்பவே பழக்கத்தை மாத்துங்க" என்றார்.

அன்றோடு கஞ்சி நின்றது. ஒவ்வொரு சோதனையிலும் செங்கல் நிறம் குறைந்து மஞ்சளாகி, பச்சையாகி, ஐப்பசியில் மருந்து நீலமாகவே நின்றது; சிறுநீரில் சர்க்கரை இல்லை. புண் ஆறிவிட்டது, விழுந்த நகம் மட்டும் முளைக்கவில்லை. அண்ணி வீடு முழுக்கவே களிக்கு மாற்றினார். பெரிய பெண் அம்சா முகத்தைச் சுளித்தபோது, "துன்னுடி. டாக்டருக்குக் குடுக்கறதை கேப்பைக்குக் குடுக்கறோம்" என்றார்.

கார்த்திகை தீபத்துக்குப் பெருமுக்கல் மலை ஏறினோம். ஊரே வெறுங்காலோடு ஏற, அண்ணன் மட்டும் தோல் செருப்போடு ஏறினார். பின்னால் வந்த எங்கள் ஊர்ச் சின்னதுரை சும்மா இருப்பானா?

"இன்னாண்ணே, சாமி கும்புடப் போறியா, மாமியார் வூட்டு விருந்துக்குப் போறியா? செருப்பு போட்டுக்கினு வர்றியே!"

"கால் இருந்தாத்தான்டா மலை. கால் இல்லாதவன் வரலையேன்னு ஈஸ்வரன் எறங்கி வருவாரா?"

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினார். படியில் உட்கார்ந்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார்.