சோதிக்காத வரிசை

பிரிஜெட் அக்கா யாரையும் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதில்லை. பெங்களூர் சிவாஜிநகரில் எங்கள் தெருக்காரர்கள் அதைத் திமிர் என்பார்கள். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்த நாளிலிருந்து எனக்கும் அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய பெரிய ஆராய்ச்சி ஒன்றில் அக்கா களப்பணியாளராக இருந்தாள். அதற்கு ஆடுகோடிப் பக்கம், வீட்டுவேலைக்கும் தெருக்கூட்டவும் போகிற தமிழ் ஜனங்களின் சேரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவின் வலது வரிசைப் பெண்களுக்குப் பரிசோதனை. இடது வரிசைக்கு ஒன்றும் கிடையாது, வருஷத்துக்கு ஒருமுறை போய் விசாரிப்பதோடு சரி. எந்த வரிசையில் அதிகம் பேர் சாகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்! பின்னால் இருக்கிற அபார்ட்மெண்டை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்கட்டுமே, மறுநாளே வக்கீல் நோட்டீஸ் பறந்திருக்கும். சேரிப் பெண் செத்தால் கேட்க நாதியில்லை.

இடது வரிசைக்குப் போனவள் அக்காதான். வெள்ளைக் கோட்டு, தோளில் பை. ரத்தப்போக்கு உண்டா, அடிவயிறு வலிக்கிறதா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அந்தப் பெண்களோ, கேட்பதையே பரிசோதனை என்று நம்பிவிட்டார்கள்.

"எங்களத்தான் வருஷா வருஷம் பாக்கறாங்களே, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்பாள் பெர்னதெத். அக்காவுக்குச் சிநேகிதியாகவே ஆகிவிட்டவள். ஒரு வருஷம் அவள் ரத்தம் படுகிறது என்றதும் அக்கா உத்தரவை மீறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதற்குள் நோய் முற்றிவிட்டது.

போன கல்லறைத் திருநாளன்று ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்கு அக்காவோடு நானும் போனேன். பெர்னதெத்தின் மகள் ஆஞ்சலா அம்மாவின் கல்லறைக்குச் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் இதே நோவுதான். அவங்களுக்கு டெஸ்ட்ல முன்னாடியே தெரிஞ்சுது, பொழச்சிக்கிட்டாங்க. எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் தெரியல? நீங்கதானே பாத்தீங்க?"

ஆறுதலாக ஒரு பொய் சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

"உங்கம்மாவுக்கு டெஸ்டே பண்ணல கண்ணு."

"அப்ப வருஷா வருஷம் எதுக்கு வந்தீங்க?"

"யார் யார் உயிரோட இருக்காங்கன்னு எண்ண."

ஆஞ்சலா கத்தவில்லை. பிடித்த கையையும் விடவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"சாகறதுக்கு முன்னாடி அம்மா என்கிட்ட சொன்னாங்க ஆன்ட்டி. 'ஒனக்கு ஏதாச்சும்னா பிரிஜெட்கிட்ட சொல்லு, அவ வருஷா வருஷம் வருவா, பாத்துக்குவா'ன்னு. எனக்கும் ஆறு மாசமா ரத்தம் படுது. நீங்க வருவீங்கன்னுதான் இருந்தேன்."