ஐந்தாவது டிஸ்க்

என் வீட்டுக்காரர் நோபர்ட்டுக்குப் பொறாமை கூடப் பிறந்தது. பக்கத்து வளவில் மிளகு நன்றாகக் காய்த்தால் இவருக்குச் சோறு இறங்காது. சொந்தத் தம்பி தகரத்தை மாற்றிக் கூரைக்கு ஓடு போட்டபோது, ஓட்டு வீட்டில் தேள் அடையும் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதையெல்லாம் நான் சிரித்தே கழித்துவிட்டேன். வீட்டுக்குக் கொம்பியூட்டர் வந்த பிறகுதான் அந்தப் பொறாமைக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது.

உக்குவளைக்கு மேலே இருக்கிற கொக்கோ, மிளகுத் தோட்டத்து ஒபிஸில் இவர் கிளாக்கர். ஊரில் யாருக்கும் நோபர்ட் என்றால் தெரியாது, கிளாக்கர் என்றால்தான் தெரியும். குவைத்தில் இருந்த என் அண்ணன் சில்வெஸ்டர், லீவில் வந்தபோது தான் பாவித்த கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னறையில் வைத்துவிட்டுப் போனார். கூட வந்த புத்தகத்தைப் படித்து இவர் தானாகவே எல்லாம் கற்றுக்கொண்டார். கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கமாட்டேன்.

அந்த நாளில் ஷெயார்வெயார் என்று ஒன்று உண்டு. எழுதியவர்களே சும்மா கொடுத்துவிடுவார்கள். போட்டுப் பாருங்கள், பிடித்தால் காசு அனுப்புங்கள், சிநேகிதர்களுக்கும் கொப்பி எடுத்துக் கொடுங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். கொழும்பில் ஒரு கடையில் அப்படியான டிஸ்க்குகள் கிடைத்தன. வெள்ளவத்தையில் இருந்த சித்தி வீட்டுக்குப் போகிற சாட்டில் இவர் போய் வாங்கி வருவார். கறுப்பாக, அட்டை போல வளைகிற பெரிய டிஸ்க்குகள். ஒரு தடவை செக்பொயின்ட்டில் ஆமிக்காரப் பையன் ஒன்றை வெளியே எடுத்து, நடுவில் தெரிகிற பகுதியில் விரலை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறான். இவரை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்ததைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை. கைபட்டால் பழுதாகிற இடத்தில் விரலை வைத்துவிட்டானே என்றுதான் வீடு வந்த பிறகும் குமுறினார்.

அப்படி வந்ததுதான் அந்தத் தமிழ் டைப் புரோகிராம். கனடாவில் இருக்கிற யாரோ ஒரு தமிழர் செய்தது. ஐந்து டிஸ்க்கில் சுருக்கி அடைத்திருந்தது. அதை விரித்துப் போடுவதில் ஒரு விசித்திரம் இருந்தது. முதலில் கடைசி டிஸ்க்கைக் கேட்கும். ஐந்தாவதைப் போட்டுக் காட்டினால்தான் பிறகு ஒன்று, இரண்டு என்று வரிசையாக வாங்கிக்கொள்ளும். ஐந்தாவது இல்லாவிட்டால் மற்ற நாலும் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இவருக்கு அது போதாதா? கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாலு டிஸ்க்கையும் தாராளமாகக் கொப்பி எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவதை மட்டும் கொடுக்கவில்லை.

"ஒங்களுக்கு மட்டும் சொல்றேன், அஞ்சாவத வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருக்காரு. வந்ததும் நானே கொண்டாந்து போட்டுத் தாறேன்" என்பார். ஒவ்வொருவரிடமும் இதே வசனம்தான்.

உக்குவளையிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்போது கொம்பியூட்டர் இருந்த வீடுகள் கொஞ்சம்தான். தையல்கடை அழகையா, யட்டவத்தையில் இருந்து மாடசாமி மாஸ்டர், நாவுலயில் இருந்து பஸ் ஏறி வருகிற யாகூப் என்று ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் நிற்பார்கள். இவர் டிஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டொக்டர் நோயாளி வீட்டுக்குப் போகிற தோரணையில் அவர்களோடு போய், போட்டுக் கொடுத்துவிட்டு டிஸ்க்கோடு திரும்பி வருவார். மெஷின் பழுதாகி எல்லாம் அழிந்துபோனால் மறுபடியும் வரத்தானே வேண்டும்? வந்தார்கள்.

"ஏங்க, அஞ்சையும் குடுத்துத் தொலைச்சா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அஞ்சையும் குடுத்தா எவன் நம்ம வாசல மிதிப்பான்?" என்றார்.

"அப்ப ஒங்களுக்காச்சும் இன்னொரு கொப்பி எடுத்து வைங்க."

"ஒண்ணு ரெண்டாச்சின்னா ஊர் பூரா போயிரும், அருளு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த ஒரேயொரு டிஸ்க்கை, முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். ஆண்டவரைத் தவிர வேறு யாரிடமும் இவருக்கு நம்பிக்கை இல்லை.

தொண்ணூற்றாறில் கொழும்பில் அந்தப் பெரிய குண்டு வெடித்த பிறகு, தமிழ் ஆட்கள் காரணமில்லாமல் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. இவரும் போவதை நிறுத்திவிட்டார். ஆனால் முகத்தில் கவலை இல்லை. மற்றவர்களும் போய் வாங்க முடியாதே.

நூருன்னிஸா இந்த நேரத்தில்தான் வந்தாள். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். ரியாத்தில் இருந்த, நானா என்று அவள் கூப்பிடுகிற அண்ணன் அவளுக்கு ஒரு கொம்பியூட்டர் கொடுத்திருந்தார். நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இவர் வழக்கம்போல நாலு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்து, கடைசியை முதலில் கேட்கிற அதிசயத்தைச் சொன்னார்.

"அப்ப உள்ள என்னென்ன இருக்குங்கிற அட்டவணை கடைசி டிஸ்க்லதான் இருக்கு போல, என்னா சேர்?" என்று அவள் கேட்டாள்.

அது இவருக்கு அதுவரை தெரியாது. மெஷினின் குணம் என்று நினைத்திருந்தார். முகம் கறுத்துப் போயிற்று. இத்தனைக்கும் இவரைச் சேர் என்று மரியாதையாகக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நூருன்னிஸா புராணம் தொடங்கியது. காலையில் பல் துலக்கும்போது நூருன்னிஸாவுக்கு என்ன தெரியும். சாப்பிடும்போது நூருன்னிஸா இங்கிலீசு. படுக்கையிலும் அவள்தான். அழகையா அவளிடம் ஏதோ கேட்டாராம், மாஸ்டர் அவளைப் புகழ்ந்தாராம். திட்டுவதற்குத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு எரிந்தது. கட்டி வந்த பதினெட்டு வருஷத்தில் என் பெயரை இவர் ஒரு நாளில் அத்தனை தடவை சொன்னதில்லை. ஸ்டாஃப் ரூமில் அவள் சிரித்துப் பேசினால் நான் பிள்ளைகளின் பாடக் கொப்பி திருத்துகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில் ஊர் நலன்புரிச் சங்கம் வாசிகசாலையில் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்க முடிவு செய்தது. சங்கத் தலைவர் பலசரக்குக் கடைக் கணபதி முதலாளி. கிளாக்கரும் டீச்சரும் வரட்டும், திறப்பு விழாவில் தமிழில் ஒரு பக்கம் அடித்துக் காட்டுகிறவரே வகுப்பை நடத்தட்டும் என்றார்.

இவருக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. வகுப்பு யார் கைக்குப் போகிறதோ ஊரும் அவர் பின்னால்தான் போகும். அது தெரிந்துதான் தவித்தார். பிறகு தானாகவே சிரித்துக்கொண்டார்.

"அவகிட்ட நாலுதானே இருக்கு" என்றார்.

மார்கழி மழை மூன்று வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த மழையில் ஒருவரும் வராததால் டிஸ்க்கை இவர் வெளியே எடுக்கவில்லை. விழா நாள் காலையில்தான் எடுத்து, உறையைக் கூடத் திறந்து பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

வாசிகசாலையில் நல்ல கூட்டம். சங்கத்துக்குக் கிடைத்த பழைய கொம்பியூட்டருக்கு முன்னால் இவர் உட்கார்ந்து கட்டளையை அடித்தார். கடைசி டிஸ்க்கைப் போடு என்றது. போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது, உள்ளே கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை, மறுபடி பார்க்கவா, விடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மறுபடி என்றார். மறுபடியும் அதே பதில். வெளியே எடுத்து யன்னல் பக்கம் பிடித்தார். நடுவில் தெரிந்த கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். திருஇருதயப் படம் தொங்குகிற எங்கள் முன்னறைச் சுவர் மழைக்கு ஊறுகிற சுவர். எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

நூருன்னிஸா எழுந்து பக்கத்தில் போனாள். கள்ளமில்லாமல்தான் கேட்டாள்.

"பரவாயில்ல சேர். அஞ்சாவத யாருக்குக் குடுத்திருக்கீங்க? அவங்ககிட்ட இருந்து கொப்பி எடுத்துக்கலாம்."

இவர் டிஸ்க்கைத் திரும்ப உறைக்குள் சொருகினார். அழகையா உதவி செய்கிற எண்ணத்தில் எழுந்தார்.

"எங்கிட்ட நாலு இருக்கு கிளாக்கர். அஞ்சாவது இல்ல."

"எனக்கும் நாலுதான் தந்தாரு" என்றார் மாடசாமி மாஸ்டர்.

"அஞ்சாவது வேற ஒத்தர்ட்ட இருக்குன்னுதானே எனக்குச் சொன்னாரு?" என்று யாகூப் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கு மட்டும்தான் ஐந்தாவது கிடைக்கவில்லை என்று அதுவரை ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நூருன்னிஸா மட்டும் சிரிக்காமல் இவரை இரக்கத்தோடு பார்த்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் புருஷனைப் பார்த்து இரக்கப்பட இவள் யார்?

"டீச்சர், நீங்க இங்கிலீசுலயே எதையாச்சும் அடிச்சுக் காட்டுங்க" என்றார் கணபதி முதலாளி. வகுப்பு அவளுக்குப் போயிற்று.

அடுத்த மாதம் அவளுடைய நானா லீவில் வரும்போது கொழும்பில் இறங்கி ஐந்து டிஸ்க்கையும் வாங்கி வந்தார். அவள் கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் கட்டுக் கட்டாகக் கொப்பி எடுத்துக் கொடுத்தாள். இவருக்கும் ஒரு கட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். இவர் அதை மேசையில் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. இவர் பூசைக்குப் போய் வந்த சட்டையைக் கழற்றாமல் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். வாசல் கேற் திறக்கிற சத்தம் கேட்டால் நிமிர்வார். பால்காரனாக இருக்கும். மத்தியானம் ஆனதும் போய்ச் சட்டையைக் கழற்றுவார். அந்த நாட்களில் நூருன்னிஸா பெயரை அவர் சொல்லவே இல்லை. சொன்னால் தேவலை என்று எனக்கு இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, அழகையா குடையோடு வாசலில் வந்து நின்றார். இவர் துள்ளி எழுந்தார்.

"வாங்க அழகையாண்ணே, மெஷின் வேலை செய்யலயா?"

"நல்லா ஓடுது கிளாக்கர். டீச்சர் அஞ்சையும் குடுத்துட்டாங்களே. சும்மா ஒங்களப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். மிளகு விலை, மழை, அழகையாவின் மகளுக்குப் பேசி வந்த இடம் என்று ஒரு மணித்தியாலம் பேசினார்கள். இவர் வாய்விட்டுச் சிரிப்பதை வெகு நாளைக்குப் பிறகு கேட்டேன். அடுக்களையில் நின்று அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன்.

அழகையா போய்த் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் இவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, டிஸ்க் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் பரப்பினார்.

"என்னங்க தேடுறீங்க?" என்றேன்.

"எது கொறையுதுன்னு பாக்குறேன்" என்றார். "ஒண்ணுமில்லாமலா ஒருத்தன் இம்புட்டுத் தூரம் நடந்து வருவான்?"