பெருவிரல் நுழையும் இடம்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு தங்குவிடுதியின் சலவைப் பிரிவில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர் பிரமிளா. அவருக்கு இனிப்புநீர் எனப்படும் சர்க்கரை நோய் வந்துவிட்டதென்று மருத்துவர் சொன்னபோது நாற்பத்து நான்கு வயது. வீட்டில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாயார் கருப்பம்மாளைத்தான் அவர் அந்தக் கணத்தில் நினைத்தார். சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய அந்தத் தாயின் வலக்காலை அந்த நோய்தான் கொண்டுபோயிற்று.

என் கால்களை நான் விடமாட்டேன் என்று பிரமிளா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில், ஊரார் போலோ பாடாங் என்று சொல்லும் போலோ திடலுக்குப் போனார். முதலில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினார். ஓராண்டு கழிந்தபோது திடலை நிற்காமல் சுற்றி வந்தார்; இரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருந்தது.

"என்னா, ஒலிம்பிக்குக்குப் பேரு கொடுத்துட்டியா?" என்று கேட்பார், லோரி ஓட்டும் கணவர் அர்ச்சுனன். கேட்டுக்கொண்டே தேநீரை ஆற்றிக் கையில் கொடுப்பார்.

பிறகு முழங்காலின் உட்பக்கத்தில் வலி தொடங்கியது. ஓடுவதை நிறுத்த நேருமோ என்ற அச்சத்துடன், உடற்பயிற்சி சிகிச்சை நிலையம் நடத்தும், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் தக்ஷாயினியிடம் போனார். அங்கும் காலணிகளை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மதிய உணவு முடிந்து திரும்பிய தக்ஷாயினி, கதவைத் திறந்ததும் உள்ளே காத்திருந்தவரிடம் கேட்டார்.

"வாசல்ல ஒண்டில ஒண்டு சாய்ஞ்சுகொண்டு நிக்கிற சப்பாத்து ஆருடையது?"

பிரமிளாவுக்கு வெட்கமாகிவிட்டது. "என்னோடதுதான் டாக்டர். பழசு. ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கணும்."

"வைக்காதது நல்லது அக்கா. குடிச்சிட்டுக் கூட்டாளி தோள்ல சாயிற ஆக்கள் மாதிரியெல்லோ நிக்குது!"

இருவரும் சிரித்தனர். அதன்பின் தக்ஷாயினி அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிரமிளாவின் பாதங்கள் தரையில் படும்போது அளவுக்கு மீறி உட்புறமாகச் சரிந்தன; அந்தச் சரிவு முழங்காலையும் உள்ளே திருப்பியது. "மெத்து மெத்தெண்டு இருக்கிற சப்பாத்தை வாங்காதேங்கோ, கால் இன்னும் சரியும். குதிகாலைச் சுத்தி விறைப்பா, உள்பக்கம் உறுதியா இருக்கவேணும். கடைக்குப் பின்னேரம் போங்கோ, வேலை முடிஞ்சு கால் வீங்கியிருக்கிற நேரம்."

சொன்னபடியே, வேலை முடிந்த கையோடு கடைக்குப் போனார். விற்பனையாளர் கோகிலன் முதலில் எடுத்துக் கொடுத்ததைப் பிரமிளா கையால் அமுக்கிப் பார்த்தார், பஞ்சாய் அமுங்கியது. "தம்பி, இது தலையணை. எனக்குச் சப்பாத்து வேணும்." கோகிலன் சிரித்துக்கொண்டே வேறொன்றைக் கொண்டுவந்தார். பிரமிளா அதன் குதிகால் பகுதியை நெரித்தார், நெரியவில்லை. முறுக்கினார், எளிதில் முறுகவில்லை. வளைத்தபோது விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தது. அணிந்து நடந்ததும் முழங்கால் நேராக நின்றது.

அளவில்தான் தவறினார். "இதுக்குச் சின்னது கொடுங்க. காலக் கவ்விப் பிடிக்கணும்."

"அக்கா, முன்னால ஒரு பெருவிரல் போற இடம் வேணும்லா. ஓடுறப்ப கால் முன்னால போகும்."

"இடம் இருந்தா அட்டை பூந்துரும்."

"போலோ பாடாங்ல அட்டையா?"

பிரமிளாவுக்கே சிரிப்பு வந்தது. ஆயினும் இறுக்கமானதைத்தான் வாங்கினார். அவர் வளர்ந்த தோட்டத்தில், இரத்தம் உறிஞ்சும் அட்டை நுழையாதிருக்க, கறுப்பு ரப்பர்க் காலணியை அப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள். பழகிய கால் வேறு அளவை நம்பவில்லை.

சில வாரங்களில் முழங்கால் வலி போயிற்று. ஆனால் ஒரு காலை, ஓடி முடித்து வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியபோது காலுறையின் நுனியில் இரத்தம் இருந்தது. கால் பெருவிரல் நகம் கறுத்து, ஓரத்தில் தோல் கிழிந்திருந்தது. விடுதியில் ஊரார் தலையணை உறைகளின் கறையையெல்லாம் போக்கும் அவருக்கு அந்தச் சிறு கறையைத் துவைத்து மறைப்பது பெரிய வேலையன்று. அவர் மறைக்கவில்லை. நேரே தாயாரின் நாற்காலிக்கு முன்னால் வந்து அமர்ந்து, பாதத்தைக் காட்டினார்.

கருப்பம்மாள் அந்த நகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் சப்பாத்துக்குள்ளதான் ஆரம்பிச்சிச்சி. யார்கிட்டயும் காட்டாம மரம் சீவப் போனேன். இறுக்கிப் போடுன்னு உனக்குச் சொன்னதும் நாந்தான்."

"அட்டைக்காகச் சொன்னீங்கம்மா."

"இங்க எங்கடி அட்டை? மொதல்ல கிளினிக்குக்குக் கெளம்பு."

புண் ஆறும்வரை பிரமிளா ஓடவில்லை. அரசாங்க கிளினிக்கில் வரிசையில் காத்திருந்து கட்டு மாற்றிக்கொண்டார். விடியலில் விழிப்பு வந்துவிடும்; படுக்கையிலேயே கிடந்து, திடலில் ஓடும் தோழியரை நினைத்துக்கொள்வார். அந்த வாரங்களில் அவர் காட்டிய பொறுமை, அவர் ஓடிய எல்லாத் தூரத்தையும் விடப் பெரியது.

மருத்துவர் இனி ஓடலாம் என்று சொன்ன அன்று மாலை, அதே காலணியில் பெரிய அளவை வாங்கி வந்தார். இறுக்கமான சோடி, சிறிய பாதம் உடைய தோழி கலாதேவிக்குச் சரியாகப் பொருந்தியது.

மறுநாள் காலை, வாசலில் அமர்ந்து நாடாவை முடிந்துகொண்டிருந்தார். கருப்பம்மாள் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். குனிந்து, மகளின் காலணி முனையில் தன் கைப் பெருவிரலை வைத்து அழுத்தினார். முனை உள்ளே அமுங்கியது.

"இடம் இருக்கு," என்றார். "போய்ட்டு வா."