விமானியைத் தூக்கும் வேலை

பாரிஸ் லாச்சப்பலில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஒல்லாந்துக்காரர். நூறு வயதை நெருங்கியவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஒல்லாந்தர் ஆண்ட கிழக்காசியத் தீவுகளில் சண்டை விமானம் ஓட்டியவர். கட்டியது பிரெஞ்சுப் பெண்ணை, அதனால் பாரிஸ். பதக்கங்கள் கண்ணாடிக்குள் சுவரில் தொங்கின. அவருடைய மகள் முதல் நாளே காட்டினார். பார்த்தேன்.

வீட்டில் மனைவி சிரித்தாள். "உலகத்திலை வேறை ஆளில்லை. உங்களுக்குப் பிளேன் ஓட்டினவர்தான் கிடைச்சவரோ?"

யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் பொம்மர் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குப்புற விழுவோம். என் உடம்பு அதை இன்னும் மறக்கவில்லை. முன்பு உணவகத்தில் வேலை செய்தபோது, ஜூலை மாதத் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக்கு விமானங்கள் மேலே போயின. குழம்புச் சட்டியைப் போட்டுவிட்டேன். "அண்ணை, அது கலர் புகை விடுற பிளேன், குண்டு போடாது" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. வேலை போனது.

இப்போது கையில் இருப்பது சட்டி இல்லை. காலையில் அவரைக் கட்டிலில் இருந்து கதிரைக்குத் தூக்க வேண்டும். என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். எலும்பெல்லாம் சுள்ளி. விழுந்தால் ஆள் முடிந்தார். ஜூலை வர வர எனக்கு நித்திரை குறைந்தது. மகளிடம் சொன்னால் வேறு ஆளைப் பிடிப்பார். விசா புதுப்பிக்க எனக்கு வேலை வேண்டும். சொல்லவில்லை. ஒத்திகை நாளில் மட்டும் பிந்தித் தூக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

விமானங்கள் நான் நினைத்த நாளுக்கு முன்பே வந்தன.

அவரைத் தூக்கி நிமிர்த்திவிட்டேன். தூரத்தில் சத்தம். எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது, கழுத்தில் கை இறுகியது. கதிரை பக்கத்தில்தான். கால் போகவில்லை. முழங்கால் மடிந்தது. கை மட்டும் ஏனோ விடவில்லை. அவரை நெஞ்சோடு பிடித்தபடி மெல்ல இறங்கினேன். நிலத்தில் கிடத்தி, மேலே கவிந்துகொண்டேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சத்தம் அடங்கியது. எழும்பப் பார்த்தேன். என் சட்டையைப் பிடித்தார். பிரெஞ்சில்தான் சொன்னார்.

"எழும்ப வேண்டாம். போயிட்டுதெண்டு சனம் வெளியிலை வரும். அப்பதான் நாங்கள் திரும்பி வருவம்."

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் செத்தது, பொம்மர் போய்த் திரும்பி வந்த இரண்டாவது சுற்றில்தான். அது தற்செயல் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

நான் எழும்பவில்லை. அவர் முகத்துக்கு நேரே என் முகம் இருந்தது. ஒத்திகையின் ஹெலிகொப்டர்களும் வந்து போயின. பிறகு அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தினேன். ஒன்றும் முறியவில்லை. கோப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

மறுநாள் காலை வழக்கம்போலக் குனிந்து, கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். என்னைப் பார்த்தார். குண்டுக்குக் கீழே கிடந்தவன் நான் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துத்தான் கட்டிக்கொண்டார்.