காரி, மயிலை, செவலை... எங்கள் செங்கோடன் அண்ணன்

செங்கோடன் அண்ணன் போய்விட்டாராம். எங்களோடு வேலைபார்த்த சரோஜா காலையில் போன் செய்து சொன்னார்... அஸ்தம்பட்டி கிளினிக்கில் முழங்காலைக் காட்ட டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஓமலூர் பக்கம் ஒரு நூல் மில். அங்கே கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் அண்ணன், சரோஜா, நான் என்று மூன்று பேர்தான். எனக்குப் படிப்பு பத்தாங்கிளாஸும் டைப்ரைட்டிங்கும்... ஏசி ரூமுக்கு ஆசைப்பட்டு நுழைந்தவன்.

மூன்று பேரும் புரோகிராம் எழுதினோம், மூன்று விதமாக. புரோகிராமுக்குள் வரும் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் A, AA, AAA என்று வைப்பேன். அண்ணன் தன் வீட்டு மாடுகளின் பெயரை வைப்பார். நூல் எடை காரி, மூட்டை மயிலை, லாரி நம்பர் செவலை...

ஒருவர் எழுதியது அடுத்தவருக்குப் புரியாது. அதனால் யாருக்கும் லீவும் கிடையாது.

அப்போதுதான் கெங்கவல்லியில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். மேனேஜரோ, "உன் புரோகிராம் நின்னுபோனா யாரு பாக்கறது?" என்று லீவு தர மறுத்துவிட்டார்.

"ஏனுங்க, மூணு பேரும் ஒரே மாதிரி எழுதுனா என்னங்க?" என்று அண்ணன் எங்களிடம் வந்தார். "நான் போகலீன்னா என்ற தங்கச்சி ஆயுசுக்கும் பேசமாட்டாளுங்க."

"அப்ப மொதல்ல மாட்டையெல்லாம் அவுத்துட்டுப் போயி ஊட்டுல கட்டுங்கண்ணா" என்றார் சரோஜா.

மத்தியானம் முழுக்கச் சண்டை. கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். பெயரைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிய வேண்டும். எழுதுகிறவர் வசதியைவிடப் படிக்கிறவர் வசதி முக்கியம். எது அழகு என்று தகராறு வந்தால் இரண்டு பேர் சொல்வதே முடிவு, மூன்றாமவர் முனகக் கூடாது.

நிறைய விதி வைத்தால் நானே படிக்கமாட்டேன் என்றேன். அதையும் ஒப்புக்கொண்டார்கள்!

பழைய புரோகிராம்களையும் மாற்றினோம். காரியை அழிக்கும்போது அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை...

காதுகுத்து அன்றைக்கே லாரி சிலிப் அச்சாகாமல் நின்றது. கேட்டில் ஒரே ஹாரன். அண்ணன் எழுதியதைத் திறந்தோம்... நானே எழுதியதுபோலப் படிக்க முடிந்தது. டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டோம்.

திரும்பி வந்தவர் முறுக்குப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். "ஒருத்தருமே என்னையத் தேடலீங்களா?"

"இல்லீங்கண்ணா" என்றேன் பெருமையாக.

அவர் முறுக்குப் பொட்டலத்தை எடுத்துத் திரும்பத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

என் மகன் டீமில், எல்லோரும் ஒரே மாதிரி புரோகிராம் எழுத கோடிங் ஸ்டைல் கைடு என்று பெரிய புத்தகமே இருக்கிறதாம். ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லையாம்... இதை அண்ணனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறார்கள்.

போயிட்டு வாங்கண்ணா... இந்தத் தடவை தேடறோமுங்க.