கலியாணம் கட்டிய பச்சிலர்

கிளிபோட் கஸ்பரைக் கண்ணால் காணாதவர்கள் அவரை வெள்ளைக்காரர் என்றே நினைப்பார்கள். பெயர் பாசையூர்ப் பங்குத்தந்தை வைத்தது. குரலை அவரே ரொறன்ரோவில் தேடிக்கொண்டார். கட்டட வேலைத்தளங்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருபது வருஷம் அதட்டி அதட்டிப் பழுத்த ஆங்கிலம். வீட்டில் மனைவி பேர்ணடெற்றிடம் அதே ஆள் மெதுவாகத்தான் பேசுவார்.

டோஹாவில் ஒரு கொம்பனி தொலைபேசியிலேயே நேர்முகம் நடத்தி, அவரை 'வெஸ்டேர்ன் எக்ஸ்பற்', அதாவது மேற்குநாட்டிலிருந்து வரும் ஊழியர், என்ற வகுப்பில் எடுத்தது. வீடு, கார், மனைவிக்கும் விசா. அகதியாக வந்து முப்பது வருஷமாகியும் கிளிபோட் கனடாவில் ஒருநாளும் மேற்கத்தையர் ஆனதில்லை. அதற்குக் கிழக்கே போகவேண்டியிருந்தது.

பேர்ணடெற்றுக்கு வீடோ காரோ பெரிதில்லை. கலியாணம் முடித்த மூன்றாம் மாதம் கனடாவுக்கு வந்தவர், அவளைக் கூப்பிட எட்டு வருஷம் எடுத்திருந்தார். இனி எங்கே போனாலும் சேர்ந்துதான் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. அதை நம்பி முதியோர் இல்ல வேலையை விட்டாள்.

அவரும் விட்டார். ஒப்பந்தம் வரமுன்னமே ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஹோல் எடுத்துப் பிரியாவிடை வைத்தார்கள். எங்கள் ஆட்கள் கலியாணத்தைக்கூட ரெஜிஸ்ரர் பண்ணிவிட்டுத்தான் ஹோல் எடுப்பார்கள்; பயணத்துக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. இருநூறு பேர் ஆட்டிறைச்சி சாப்பிட்டு வாழ்த்தினார்கள்.

பாஸ்போட் பிரதி போனது அதற்குப் பிறகு. அதில் படம் இருந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றும் இருந்தது. பதில் மிக மரியாதையாக வந்தது: வகுப்பு மாற்றப்பட்டுள்ளது, வேலை அதே வேலை, நிலை மட்டும் 'பச்சிலர்'.

அர்த்தம் சொல்லப் பக்கத்து மல்வேர்னிலிருந்து பேர்ணடெற்றின் தமையன் செல்வரட்ணம் வந்தார். டோஹாவில் பதினொரு வருஷம் லொறி ஓடியவர்.

"மச்சான், அங்கை பச்சிலர் எண்டால் கலியாணம் கட்டாதவன் இல்லை. பெண்சாதியைக் கூட்டிவர அனுமதி இல்லாதவன். நானும் நாலு பிள்ளையோடை பச்சிலர்தான்!"

"நான் கனேடியன்."

"ஓம் ஓம். ரெலிபோனிலை நீ முழுக் கனேடியன்."

பேர்ணடெற் சிரிக்கவில்லை. "இஞ்சருங்கோ, எழுதிக் கேளுங்கோவன்" என்றாள். எழுதினார். பதில் வரவில்லை. ரிக்கெற் வந்தது, ஒன்று.

"பழைய வேலையைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கோ."

"அங்கை இப்ப வேறை ஆள். அதோடை, இருநூறு சனம் வழியனுப்பிப்போட்டுது. நாளைக்குத் தமிழ்க்கடையிலை என்னைக் கண்டால் என்ன சொல்லுவினம்?"

"அவையின்ரை வாய்க்காகவோ போறியள்?"

"ஒரு வருஷம்தானே."

"முதலும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

'போகாதேங்கோ' என்று அவள் ஒருதரம் சொன்னால் நின்றுவிடலாம் என்று அவர் காத்திருந்தார். சொல்லித்தான் ஒருவர் நிற்கவேண்டுமென்றால் அவர் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு பேருமே மிகவும் விட்டுக்கொடுக்கிறவர்கள்.

விமான நிலையத்தில் அவர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது செல்வரட்ணம் காரை ஓட்டியபடி ஆறுதல் சொன்னார்.

"ஒரு வருஷம் ஓடிப்போகும், தங்கச்சி."

"அண்ணிக்கு ஓடினதோ?"

செல்வரட்ணம் றேடியோவைப் போட்டார்.